இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம்

திருப்பத்தூர் பக்கத்துக் கார்ப் பட்டறைகளை வளர்த்தது தோல்தான் என்று சொன்னால் என் பேரன் சிரிக்கிறான். ஆனால் நடந்தது அதுதான். 1970களில் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முழுதாகப் பதனிடும் ஆலைகளும் ஷூ கம்பெனிகளும் பெருகின. சரக்கு லாரியில் மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போனது. முதலாளி அம்பாசிடரில் மெட்ராஸின் தோல் சந்தையான பெரியமேட்டுக்குப் போனார். ஒரு வழிக்கே ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். அந்த ஓட்டத்தைத் தாங்காத பின் ஆக்சில் முனகிக்கொண்டு பட்டறைக்கு வரும்.

வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. இதற்கு வழி செய்யும், டிபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்புக்கு 1820களின் இறுதியில் பிரான்சில் பெக்கூர் என்ற கடிகாரக்காரர் உரிமம் பெற்றார். பின்னாளில் எஞ்சின் பக்கத்துச் சிறு பல்சக்கரமான பினியனை, அது சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனின் நடுமட்டத்துக்குக் கீழே இறக்கி, பற்களை வளைத்து வெட்டினார்கள், இதுதான் ஹைப்பாய்ட். அம்பாசிடருக்குள் இருந்ததும் அதுவே. பல்மேல் பல் வழுக்கி ஓடுவதால் அதற்கென்றே தயாரித்த கியர் எண்ணெய் வேண்டும். சாதா எண்ணெய் ஊற்றி ஓட்டியவர்கள் பட்டறைக்குச் சோறு போட்டார்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த உஸ்தாத் வண்டியை ஜாக்கியில் ஏற்றுவதற்கு முன் சாவியை வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய்விடுவார். நான் பின் சீட்டில் காதைச் சாய்த்து உட்காருவேன். "இழுக்கும்போதா, விடும்போதா? பார்த்துச் சொல்லுடா" என்பார். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல்லின் இழுக்கும் முகம் சரியாகப் படியவில்லை. காலை எடுத்ததும் ஊளையிட்டால் மறுமுகம், அல்லது பினியன் பேரிங் தளர்ச்சி. மிதித்தாலும் விட்டாலும் மாறாத உறுமல் பேரிங்கினுடையது. புதுத் தார் போட்ட இடத்தில் சத்தம் குறைந்தால் குற்றவாளி டயர். நேரே ஓடும்போது அமைதியாக இருந்து திருப்பத்தில் மட்டும் கடகடத்தால் டிபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன். அதைப் பிடிக்க ஏலகிரி மலைப்பாதை இருந்தது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அதைவிட நல்ல சோதனைச் சாலை எந்தக் கம்பெனிக்கும் வாய்க்காது.

வழக்குகளில் சிக்கலானது, பூட்டிய பிறகு வரும் சத்தம். ஊளையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஆக்சிலைக் கழற்றிப் புது பேரிங் போட்டுப் பூட்டுவார்கள்; மறுநாளே ஊளை. சாமான் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டுச் சேர்க்கப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். கணவன் மனைவி மாதிரி பழகித் தேய்ந்தவை. புது பேரிங் பினியனை ஓரிரு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு, நகர்த்தினாலும் பழைய படிமானம் கெட்டுவிடும். இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மை, அளந்து பார்க்காமல் பழையதையே திருப்பிப் போட்டாலும் கெடலாம்.

அதைக் கண்டுபிடிக்க ரெட் லெட் எனும் சிவப்பு ஈயப் பொடியை எண்ணெயில் குழைத்து கிரவுன் பற்களில் பூசுவோம். லேசாகத் தடை கொடுத்துச் சுற்றினால் பினியன் தொட்ட இடம் தெரியும். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. நுனியில் விழுந்தால் வெளியே நிற்கிறது. பல்லின் உள்முனையில் விழுந்தால் கிரவுன் நெருக்கம், வெளிமுனையில் விழுந்தால் விலகல். ஷிம் மாற்றி மாற்றி நடுவுக்குக் கொண்டுவர ஒரு பகல் போய்விடும். உப்புத் தோல் ஏற்றிய லாரி என்றால் உப்புநீர் சொட்டித் துருப்பிடித்த நட்டுகளைக் கழற்றவே அரை நாள்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம். டிபரன்ஷியல் கியர் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட்டது. அம்பாசிடர் உற்பத்தி 2014ல் நின்றது. ஆனாலும் லாரி பினியன் இன்னும் முனகத்தான் செய்கிறது. வரும் டிரைவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "கழட்டறதுக்கு முன்னாடியே இந்தச் சத்தம் இருந்துச்சா தம்பி?" இல்லை என்றால் சாமானைக் குறை சொல்வதற்கு முன், பூட்டிய கையைத்தான் விசாரிப்பேன்.