கப்பல்கள் போயின, வக்ஃபு நின்றது

காவிரி கடல் சேரும் கரையில் நாகூரும் நாகப்பட்டினமும் ஒரு காலத்தில் பெரும் வணிகத் துறைகளாக விளங்கின. மரைக்காயர்கள் இங்கிருந்து துணிகளை ஏற்றிச் சென்று, அச்சே, கெடா துறைகளில் விற்று, மிளகும் பாக்கும் கொண்டுவந்தனர். 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் வசமானபின், சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் அங்கும் கடை விரித்தனர்.

ஈட்டியதில் ஒரு பங்கை அவர்கள் இறைவழியில் நிறுத்தினர். சிங்கப்பூரில் 1826இல் சூலியா பள்ளிவாசலையும், 1828 முதல் 1830 வரை நாகூர் தர்காவின் நினைவுக் கட்டடத்தையும் எழுப்பினர்.

பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன, பாய்மரங்கள் மறைந்தன. இலாபம் வாரிசுகளிடையே பங்காகிக் கரைந்தது. அந்தப் பள்ளிவாசலிலோ இன்றும் பாங்கொலி கேட்கிறது. வக்ஃபின் சட்டம் அத்தகையது: மூலத்தை விற்கலாகாது, வாரிசாகப் பிரிக்கலாகாது; வருவாயை மட்டுமே செலவிடலாம்.

வணிகம் இழிவன்று, கதீஜா நாயகியின் முதலைக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே வணிகம் செய்தார்கள். ஆனால் முன்னோர் எழுதிவைத்த நன்செய்யின் குத்தகை இன்று முறையாகப் பள்ளிவாசலுக்கு வருகிறதா? நம் ஊர் ஜமாஅத்தில் முதலில் கேட்கவேண்டிய கணக்கு இதுவே.