கவனக்குறைவு என்கிற சொல்: ஊசிக்குத்தின் வரலாறு குறித்து

பல்கலைக்கழகம் ஒன்றின் மருத்துவ மையத்துச் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 'பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாதீர். கவனக்குறைவே காயத்துக்குக் காரணம்.' இரண்டே வாக்கியந்தான். அங்கே குப்பை அள்ளுகிற அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "மூடி போட்டுப் போட்டாத்தான் சார் எங்களுக்குக் குத்தாது" என்றார். ஒன்றை மருத்துவ அறிவென்றும் மற்றதை அறியாமையென்றும் பிரித்து வைத்துவிடுவது சுலபம். ஆனால் இந்த முரணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதுவும் பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குள்ளேயே நிகழ்ந்த வரலாறு.

கொதிக்க வைத்து, முனையைத் தீட்டி, திரும்பத் திரும்பப் பயன்படுத்திய கண்ணாடி சிரிஞ்சுக் காலத்தில் ஊசி ஒரு கருவி. 1950களுக்குப் பிறகு பரவிய, ஒரு தடவைக்கான சிரிஞ்சுதான் அதைக் குப்பையாக்கியது. குப்பையானதும் அது கைமாறியது. டாக்டர், நர்ஸ் கையிலிருந்து பெருக்குகிறவர் கைக்கு. நவீன மருத்துவம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளும் வெற்றிக் கதையாடலில் இந்தக் கைமாற்றத்துக்கு இடமில்லை. ஃபூக்கோவைப் படித்து, மருத்துவப் பார்வை நோயாளியின் உடல்மேல் எப்படி விழுகிறது என்று நாமும் நிறையப் பேசினோம். வார்டைப் பெருக்குகிற உடல்மேல் அந்தப் பார்வை விழுவதே இல்லை என்பதை நாமும் கவனிக்கவில்லை.

கவனித்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக மருத்துவமனையில் நிகழ்ந்த ஊசிக்குத்துக் காயங்களை எண்ணி மக்கார்மிக், மாக்கி என்கிற இருவர் 1981இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆயிரம் பேருக்கு இத்தனை என்று கணக்கிட்டபோது முதலிடத்தில் இருந்தது செவிலியர் அல்ல, துப்புரவுப் பணியாளர்கள். ஆயிரத்துக்கு 127. செவிலியருக்கு 93க்குள். நோயாளியைத் தொட்டு ஊசியே போடாதவருக்குத்தான் அதிகம் குத்தியிருக்கிறது. துணி மூட்டையிலும் குப்பைப் பையிலும் மூடியில்லாமல் கிடந்த ஊசிகள் தனியொரு காரணமாகவே அந்தக் கணக்கில் வருகின்றன. அக்கா சொன்னதற்கு இதைவிட ஆதாரம் என்ன வேண்டும்?

1984இல் ஊசிக்குத்து வழியாக எய்ட்ஸ் கிருமி தொற்றிய செய்தி 'லான்செட்' இதழில் வந்தது. குத்தினால் ஹெபடைடிஸ் பி வரும் என்பது முன்பே தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் எய்ட்ஸ் பற்றிய அச்சம் வந்த பிறகே விதிகளுக்கு வேகம் வந்தது. 1987இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது: ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே, கையால் வளைக்காதே, முறிக்காதே, துளைபடாத பெட்டியில் போடு, அந்தப் பெட்டி ஊசி போடும் இடத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு அருகில் இருக்கட்டும். நம் சுவரொட்டிக்கு வந்து சேர்ந்தது இதன் முதல் பாதி மட்டும்.

அடுத்த ஆண்டு, 1988இல், ஜெனின் ஜாகரும் அவருடைய சகாக்களும் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் செய்த ஆய்வு வெளிவந்தது. 326 காயங்கள். மூன்றில் ஒரு பங்கு மூடி போடுவதோடு தொடர்புடையது. இதை வைத்து 'பார்த்தாயா, கவனக்குறைவு' என்று முடித்திருக்கலாம். அவர்கள் முடிக்கவில்லை. ஏன் மூடி போட்டாய் என்று கேட்டார்கள். திறந்த ஊசிகள் பலவற்றை ஒரே நடையில் பெட்டிவரை எடுத்துப் போவது அதைவிட ஆபத்து. திறந்த ஊசியோடு கருவியைக் கழற்றுவதும் ஆபத்து. ஆக, ஒரு ஆபத்தைத் தவிர்க்க இன்னொன்றை ஏற்றிருக்கிறார்கள். வாங்கிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், கழற்ற வேண்டிய கருவிகள் சாதாரண சிரிஞ்சைவிட ஐந்து மடங்குவரை குத்தியிருந்தன. குற்றவாளி கை அல்ல, பொருளின் வடிவம். என்னைக் கேட்டால் இருபதாம் நூற்றாண்டின் நல்ல விமர்சனப் பிரதிகளில் ஒன்று இது; மருத்துவ இதழில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் இதன் பின்விளைவையும் பார்க்க வேண்டும். 2000இல் அமெரிக்கா ஊசிக்குத்துத் தடுப்புச் சட்டம் இயற்றியது. பாதுகாப்பான கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நிர்வாகத்தில் இல்லாத ஊழியர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது. எந்த ஊழியர்? நோயாளியை நேரடியாகக் கவனிப்பவர். 1981 கணக்கில் முதலிடத்தில் இருந்தவர் இங்கே மறுபடி வெளியே நிற்கிறார்.

இந்தியாவில் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 1998 ஜூலையில் வந்தன. 2016இல் புது விதிகள்: கூர்மையான கழிவுகளுக்கு வெள்ளை நிற, உள்ளிருப்பது தெரிகிற, துளைபடாத பெட்டி. 'சுகாதாரப் பணியாளர்களுக்கும் கழிவைக் கையாளும் மற்றவர்களுக்கும்' ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. மற்றவர்கள்! 'மற்றமை' பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இங்கே அது சட்ட வாசகமாகவே உட்கார்ந்திருக்கிறது. அந்த மற்றவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மீண்டும் அந்த மையத்துக்குப் போனேன். வெள்ளைப் பெட்டி வந்திருந்தது, டாக்டர் மேஜைமேல். ஊசி போடும் அறை நடைக்கு அந்தப் பக்கம். தடுப்பூசி போட்டார்களா என்று அக்காவிடம் கேட்டேன். "நாங்க கான்ட்ராக்டுங்க சார், இவங்க ஆளு இல்லையே" என்றார்.