மடிகணினி தொடங்கும்போதே நின்றுபோனால்: முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

2008இல் அக்கராயனை விட்டு இடம்பெயர்ந்தபோது கையில் மிஞ்சிய ஒளிப்படங்களும் காணி ஆவணங்களும் மடிகணினியில் மட்டுமே இருக்கின்றனவா? அது தொடங்கும்போதே திரும்பத் திரும்ப நின்றுபோனால், உடனே ‘ஃபோர்மட்’ செய்யக் கொடுக்காதீர்கள். அவை அழிந்துவிடும்.

வெளியே செருகியவற்றைக் கழற்றுங்கள். விண்டோஸ் தொடங்கும்போது மின்பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பழுதுபார்க்கும் திரை வரும். அதில் ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’, ‘ரீஸ்டார்ட்’ என்று சென்று 4ஐ அழுத்தினால் ‘சேஃப் மோட்’ திறக்கும்.

திறந்ததும் கோப்புகளைப் பென்டிரைவில் பிரதிசெய்யுங்கள். பிறகு கடைசியாக நிறுவிய மென்பொருளை நீக்கிப் பாருங்கள். 2024 யூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான இற்றைப்படுத்தலால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணினிகள் முடங்கின. சேஃப் மோடில் ஒரு கோப்பை நீக்கியே பல மீண்டன.

அதுவும் திறக்காவிட்டால், வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளை முதலில் எடுத்துத் தரும்படி திருத்துபவரிடம் கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.