மீனைச் சுற்றிய காகிதம்

ஒரு துண்டு மீன். அதன் அடியில் மெல்லிசாக நறுக்கிய காரட், வெங்காயம், பீன்ஸ். மேலே உப்பு, மிளகுத் தூள், சிறிது வெண்ணெய், ஒரு வில்லை எலுமிச்சை. எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் வைத்து, ஓரங்களை இறுக மடித்து மூடி, சூடான ஓவனுக்குள் தள்ளிவிட வேண்டியதுதான். கால் மணி நேரத்தில் அந்தப் பொட்டலம் பூரி போல உப்பிக்கொண்டு நிற்கும். மேசைக்குக் கொண்டுவந்து கத்தரித்தால், ஆவியோடு மீன் மணமும் சேர்ந்து முகத்தில் அடிக்கும்.

பெரிய ஓட்டல்களின் உணவுப் பட்டியலில் இதற்கு 'ஆன் பாப்பியோத்' என்ற பிரெஞ்சுப் பெயர் இருக்கும். பெயருக்கு ஏற்ற விலையும் இருக்கும். ஆனால், இந்தப் பொட்டலத்தின் கதை பாரிஸில் தொடங்கவில்லை. அது ஓர் இலையில் தொடங்குகிறது. பிறகு கந்தக அமிலத் தொட்டியில் மூழ்கி எழுகிறது. ஆகாய பலூனோடு உறவு கொண்டாடுகிறது. கடைசியில், அமெரிக்காவின் ஒரு சிறிய ஊரில் குடிநீர்க் குழாய் அருகே வந்து நிற்கிறது.

மீன் புதியதா, பழையதா என்று சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறோம். அந்த மீனைச் சுற்றும் பொருள் எதனால் ஆனது என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

அத்தி இலையில் சூரை மீன்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் கேலா நகரத்தில் ஆர்க்கெஸ்ட்ராட்டஸ் என்றொரு கிரேக்கர் வாழ்ந்தார். எந்த ஊரில் எந்த மீன் எந்தப் பருவத்தில் ருசியாக இருக்கும் என்பதைக் கவிதையாகவே எழுதி வைத்தவர். அவருடைய நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அத்தேனேயஸ் என்ற எழுத்தாளர் எடுத்துக்காட்டிய துண்டுகள்தாம் இன்று மிச்சம்.

அந்தத் துண்டுகளில் ஒன்று, நம் சூரை மீனின் இனத்தைச் சேர்ந்த ஒரு மீனைச் சமைக்கும் முறையைச் சொல்கிறது. மீனை அத்தி இலையில் சுற்ற வேண்டும். வாசனைக்குக் கொஞ்சம் மூலிகை இலை போதும். பாலாடைக்கட்டியும் வேண்டாம், வேறு ஆடம்பரமும் வேண்டாம். கோரை நாரால் கட்டி, சூடான சாம்பலுக்குள் புதைக்க வேண்டும். கருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் செய்முறை.

இதைக் கேட்கும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு வியப்பு ஒன்றும் இருக்காது. ஜொகூரின் மூவார் நகரத்தில் மீனை அரைத்து மசாலா சேர்த்து, நீப்பா ஓலைக்குள் வைத்துத் தணலில் சுடும் ஓத்தாக் ஓத்தாக்கை அறியாதவர் யார்? பினாங்கு நோஞ்ஞா வீடுகளில் அதையே வாழை இலையில் மடித்து ஆவியில் வேகவைக்கிறார்கள். மேற்கு ஜாவாவில் அதன் பெயர் பெப்பெஸ். கேரளத்தில் கரிமீன் பொள்ளிச்சது. பார்சி மக்களின் திருமண விருந்தில் பச்சைச் சட்னி தடவி வாழை இலையில் வெந்த மீன். தமிழகத்தின் தென் மாவட்டங்களில் கார்த்திகைத் திருநாளுக்குப் பனை ஓலைக்குள் மாவை அடைத்து வேகவைக்கும் கொழுக்கட்டையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆக, இது ஒரு நாட்டின் கண்டுபிடிப்பு அல்ல. இலை கிடைத்த இடத்தில் எல்லாம் மனிதன் பொட்டலம் கட்டியிருக்கிறான்.

உள்ளே நடப்பது என்ன?

மீனிலும் காய்கறியிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். பொட்டலம் சூடானதும் அந்த நீர் ஆவியாகிறது. வெளியே போக வழியில்லை. மீன் தன் சொந்த நீராவியிலேயே வேகிறது.

ஓவன் 200 டிகிரியில் எரிந்தாலும், உள்ளே ஈரம் இருக்கும் வரை மீனைச் சுற்றியுள்ள வெப்பம் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால்தான் மீன் வறண்டு போவதில்லை. அதே காரணத்தால், எண்ணெயில் பொரித்த மீனின் பொன்னிற முறுகலும் இதில் வராது. முறுகலுக்கு அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். காய்கறியை மெல்லிசாக நறுக்கச் சொல்வதும் இதற்காகவே. மீன் சீக்கிரம் வெந்துவிடும். தடித்த காரட் துண்டு அப்போதும் பச்சையாகவே கடிபடும்.

இவ்வளவும் நடக்க உறையிடம் கேட்பது மூன்றே மூன்று. ஈரத்தில் கிழியக்கூடாது. எண்ணெயை உறிஞ்சக்கூடாது. தன்னிடமிருந்து வேண்டாத எதையும் மீனுக்குக் கொடுக்கக்கூடாது. பச்சை இலை இந்த மூன்றையும் இயல்பாகவே செய்தது. குளிர் நாடுகளில் ஆண்டு முழுவதும் அகலமான பச்சை இலை கிடைக்குமா? அங்கேதான் காகிதம் அடுப்படிக்குள் நுழைந்தது.

வெண்ணெய் தடவிய தாள்

'பாப்பியோத்' என்ற சொல் பட்டாம்பூச்சியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு தொடர்புடையது என்பார்கள். கூந்தலைச் சுருட்டிவிடப் பெண்கள் முடியில் சுற்றிய சிறு காகிதத் துண்டுகளுக்கும் அதே பெயர்தான். தலைமுடியில் இருந்த பெயர் பிறகு சமையலறைக்கு வந்தது.

இங்கிலாந்திலும் இந்த வழக்கம் இருந்தது. ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி 1747இல் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில், உள்பக்கம் நன்றாக வெண்ணெய் தடவிய வெள்ளைத் தாளில் ஆட்டிறைச்சித் துண்டுகளைச் சுருட்டிச் சமைக்கும் முறை உண்டு. 1861இல் வந்த திருமதி பீட்டனின் நூலில், சிவப்பு மல்லெட் என்ற மீனை எண்ணெய் தடவிய தாளில் மடித்துக் கட்டி ஓவனில் வேகவைக்கச் சொல்கிறார்.

வெண்ணெயும் எண்ணெயும் எதற்கு? ருசிக்காக மட்டும் அல்ல. சாதாரணக் காகிதம் ஈரம் பட்டால் நைந்துவிடும். எண்ணெய் ஊறிய காகிதம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அடுப்படிப் பெண்கள் கையில் இருந்ததைக் கொண்டு கண்டுபிடித்த வழி அது. ஆனாலும் முழுத் தீர்வு அல்ல. அந்தத் தீர்வு சமையலறையிலிருந்து வரவில்லை, இரசாயனக் கூடத்திலிருந்து வந்தது.

அமிலத்தில் குளித்த காகிதம்

பார்ச்மெண்ட் என்றால் முதலில் ஆட்டுத் தோலும் கன்றுத் தோலும்தான். தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்தி, அதில் வேதநூல்களையும் அரச ஆவணங்களையும் எழுதினார்கள். தோலின் உறுதியைத் தாவரக் காகிதத்துக்குக் கொடுக்க முடியுமா என்று 19ஆம் நூற்றாண்டின் இரசாயன அறிஞர்கள் முயன்றார்கள்.

1840களில் பூமரேத், ஃபிகியே என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் காகிதத்தைக் கந்தக அமிலத்தில் சில நொடிகள் தோய்த்து எடுத்துக் கழுவினார்கள். 1853இல் கெய்ன் என்ற ஆங்கிலேயர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அமிலம் பட்டதும் காகித நார்களின் மேற்பரப்பு வீங்கிக் கூழாகி, இடையிலுள்ள நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். அமிலத்தை நன்றாகக் கழுவி உலர்த்தினால் கிடைப்பது முற்றிலும் புதிய பொருள். தண்ணீரில் ஊறினாலும் கிழியாது. எண்ணெயும் எளிதில் புகாது. வெண்ணெய்க் கட்டிகளைச் சுற்ற இதைவிட நல்ல தாள் உண்டா? வணிகர்கள் விடவில்லை.

இந்தக் காகிதத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஸ்காட்லாந்து அறிஞர் தாமஸ் கிரஹாம் 1861இல் கரைசலில் கலந்திருந்த பொருள்களைப் பிரித்தெடுக்க இந்தத் தாளைத்தான் சவ்வாகப் பயன்படுத்தினார். அந்தச் செயலுக்கு அவர் வைத்த பெயர் டயாலிசிஸ். இன்று சிறுநீரக நோயாளிகளுக்குச் செய்யப்படும் இரத்தச் சுத்திகரிப்பின் அடிப்படைத் தத்துவம் அதுவே.

பலூனும் பொம்பானோவும்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 1840ஆம் ஆண்டு முதல் அந்துவான்ஸ் என்ற உணவகம் நடந்து வருகிறது. அங்கே பெயர் பெற்றது பொம்பானோ மீன் பொட்டலம். மலேசியச் சந்தைகளில் பாவால் எமாஸ் என்று விற்கப்படும் மீனுக்கு நெருங்கிய உறவு அந்த மீன். இறாலும் நண்டும் சேர்ந்த வெள்ளைக் குழம்போடு காகிதத்துக்குள் வெந்து வரும்.

பிரேசில் நாட்டு ஆகாய வீரர் சாந்தோஸ் டூமோன், 1901 அக்டோபரில் தம் ஆகாயக் கப்பலில் ஈபெல் கோபுரத்தைச் சுற்றி வந்து உலகப் புகழ் பெற்றவர். அவரைக் கௌரவிக்க, பலூன் போல் உப்பும் பொட்டலத்தை நிறுவனரின் மகன் ஜூல்ஸ் அல்சியத்தோர் பரிமாறினார் என்பது பல காலமாகச் சொல்லப்பட்டு வரும் கதை.

கதை எப்படியோ, காகிதத்துக்கும் பலூனுக்கும் உள்ள உறவு உண்மையானது. 1783 ஜூன் 4ஆம் தேதி பிரான்சின் அனோனே நகரத்தில் மக்கள் முன்னிலையில் வெப்பக் காற்று பலூனைப் பறக்கவிட்ட மாங்கோல்ஃபியே சகோதரர்கள் காகித ஆலைக் குடும்பத்தினர். அவர்களின் பலூனே துணிக்குள் காகிதம் ஒட்டிச் செய்ததுதான்.

பணக்காரர் மேசையில் இருந்த பொட்டலத்தைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுபோக ஒருவர் முயன்றார். லண்டன் புரூக்ஸ் மன்றத்தில் சமையற்கலைஞராக இருந்த நிக்கோலஸ் சோயர், 1911இல் காகிதப் பைச் சமையலுக்கென்றே ஒரு நூலை வெளியிட்டார். பாத்திரம் தேய்க்க வேண்டாம், எரிபொருள் மிச்சம், வீட்டில் வாடை இல்லை என்று அடுக்கினார். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் கொஞ்ச காலம் அது பெரிய மோகமாக இருந்தது. பிறகு அடங்கியது. ஆனால் சமையலுக்கென்றே தனிக் காகிதம் வேண்டும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

பார்ச்மெண்ட் என்றோர் ஊர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பார்ச்மெண்ட் என்ற பெயரிலேயே ஒரு நகரம் இருக்கிறது. 1909இல் ஜேக்கப் கிண்டில்பெர்கர் தொடங்கிய கலமசூ வெஜிடபிள் பார்ச்மெண்ட் நிறுவனத்தின் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. 1939இல் நகரத் தகுதி பெற்றது. காகிதமே அந்த ஊருக்குப் பெயரும் சோறும் கொடுத்தது. 2000ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. 2018 ஜூலை மாதம் அந்த ஊர்க் குடிநீரைச் சோதித்தபோது அதிகாரிகள் அதிர்ந்தார்கள். பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் இரசாயனங்கள், அன்றைய கூட்டாட்சி வழிகாட்டு அளவைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு இருந்தன. 'குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அதில் சமைக்காதீர்கள்' என்று சுமார் 3,000 பேருக்கு அறிவிக்கப்பட்டது. பக்கத்துக் கலமசூ நகரத்தின் குடிநீர் இணைப்பைக் கொடுத்து நிலைமையைச் சமாளித்தார்கள். காகித ஆலைக் கழிவு கொட்டப்பட்ட இடத்தின் மீது சந்தேகம் விழுந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போனது.

அது என்ன இரசாயனம்? எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாமல் இருக்கக் காகிதங்களிலும் துணிகளிலும் பாத்திரங்களிலும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தப்பட்ட செயற்கைப் பொருள்களின் பெரிய குடும்பம் அது. இயற்கையில் எளிதில் சிதையாது. அதனால் 'நிரந்தர இரசாயனம்' என்றே பெயர் வாங்கிவிட்டது. அதில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ.வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023இல் வகைப்படுத்தியது.

நாடுகளும் விழித்துக்கொண்டன. உணவைத் தொடும் காகிதங்களில் இவற்றை டென்மார்க் 2020இல் தடை செய்தது. இவை சேர்ந்த எண்ணெய் புகா உணவுக் காகிதப் பூச்சுகள் அமெரிக்கச் சந்தையில் இனி விற்கப்படவில்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

இதைக் கேட்டு, வீட்டிலிருக்கும் பேக்கிங் காகிதத்தை எல்லாம் குப்பையில் வீச வேண்டுமா? வேண்டியதில்லை. அமிலத்தில் தோய்த்த காகிதம் வேறு, இந்த இரசாயனம் வேறு. இன்று ஓவனுக்கென்று விற்கப்படும் பார்ச்மெண்ட் தாள்களில் பெரும்பாலானவை சிலிக்கோன் பூசியவை. ஆனால் பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்குவதில் தவறில்லை. எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறதா? பி.எஃப்.ஏ.எஸ். இல்லை என்று உறுதி கூறுகிறதா? மெழுகுத் தாளைப் பேக்கிங் தாள் என்று நினைத்து எடுத்துவிட்டோமா? மெழுகுத் தாள் ஓவன் சூட்டில் உருகிப் புகையும் என்பதைப் பலர் அறிவதில்லை.

நம் நாசி லெமாக் பொட்டலத்தை எண்ணிப் பாருங்கள். வெளியே பழைய நாளிதழ், உள்ளே வாழை இலை என்று மடித்துக் கொடுத்த காலம் உண்டு. சோற்றைத் தொட்டது இலைதான். நாளிதழ் மை உணவில் படக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது. அதற்கு எவ்வளவோ முன்பே அந்த இலையை உள்ளே வைத்து மடித்தார்கள் நம் ஊர் அம்மாக்களும் மாக்சிக்குகளும்.

காகிதப் பொட்டலத்தில் மீன் சமைப்பது எளிது, எண்ணெய் குறைவு, உடலுக்கு நல்லது. தாராளமாகச் செய்யலாம். ஆனால், பார்ச்மெண்ட் நகரத்து மக்கள் தங்கள் ஊருக்குப் பெயர் தந்த தொழில் எதை விட்டுப் போயிருக்கிறது என்று கேட்டது, குழாயைத் திறக்காதே என்று சொன்ன பிறகுதான். நாமாவது கடையில் நிற்கும்போதே கேட்டுவிடலாமே!