வேட்டியும் வேஷ்டியும்

கதையில் ‘வேஷ்டி’ என்று எழுதிவிட்டால் எனக்கு உடனே கடிதம் வரும். “வெட்டப்படுவதால் அது வேட்டி. நல்ல தமிழ்ச் சொல்லை ஏன் கெடுக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். வெகு நாள் வரை நானும் அந்தக் கட்சிதான்.

அந்தக் கட்சிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தறியில் பாவு நீளமாக ஓடுகிறது. நெய்து முடிந்ததும் வேண்டிய அளவுக்கு அறுத்து எடுக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, நம் முன்னோர் ஜவுளிக்கு வைத்த பெயர்களிலெல்லாம் கத்தியின் சத்தம் கேட்கிறது. துணிப்பதால் துணி. துண்டிப்பதால் துண்டு. அறுப்பதால் அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று சங்கப் புலவர் ஒருவர் உண்டு. ஜவுளி வியாபாரி என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்லுகிறது. இன்று அறுவை என்ற சொல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. சலிப்பூட்டும் பேச்சுக்கும் போய்விட்டது. பாவம், புலவரின் பெயரைக் கேட்டுக் கல்லூரிப் பையன்கள் சிரிக்கிறார்கள்.

இத்தனை சொற்களும் வெட்டுண்டு பிறந்திருக்க, வேட்டி மட்டும் வேறு குலமா? இலக்கணந்தான் குறுக்கே நிற்கிறது. சுடு என்பது சூடாகும், கெடு கேடாகும், பெறு பேறாகும். ஆனால் வல்லெழுத்து இரட்டித்து வரும் சொற்கள் இப்படி நீளுவதில்லை. தட்டு தாட்டு ஆகவில்லை, கொட்டு கோட்டு ஆகவில்லை. வெட்டு மட்டும் எப்படி வேட்டியாகும்? அதே சமயம் இஷ்டம் இட்டமாயிற்று, துஷ்டன் துட்டனானான், நிஷ்டை நிட்டையாயிற்று. அந்த வழியில் வேஷ்டி வேட்டியாவதில் சிரமமே இல்லை. வடமொழியில் அந்த வேருக்குச் சுற்றுதல் என்று பொருள். தறியில் அறுத்ததைப் பார்த்தவர்கள் துணி என்றார்கள். இடுப்பில் சுற்றியதைப் பார்த்தவர்கள் வேஷ்டி என்றார்கள்.

கட்சி மாறிவிட்டேன், மனம் கொஞ்சம் வருந்தத்தான் செய்தது. இனியும் வேட்டி என்று எழுதுவேன், நம் வாய்க்குப் பழகி நம்முடையதாகிவிட்ட சொல் அது. ஆனால் வேஷ்டி என்பவரைத் தமிழைக் கெடுத்தவர் என்று சொல்ல மாட்டேன்.

ஜவுளிக் கடைக்காரருக்கு இந்த வழக்கெல்லாம் கிடையாது. ‘நாலு முழமா, எட்டு முழமா?’ என்பார். அங்கே அளவுதான் பெயர்.

அளவைப் பற்றிச் சொல்லும்போது மதுரை மறுபடியும் நினைவுக்கு வருகிறது. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்திஜி தொப்பியையும் மேற்சட்டையையும் நீக்கினார். நீள வேட்டியையும் விட்டார். கதர் வாங்கக் காசில்லாத ஏழைகளை வழியெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர் அவர். முழங்காலுக்கு மேலே நின்ற அந்த ஆடையை நம் ஜனங்கள் வேட்டி என்று சொல்லவில்லை. முழத்துண்டு என்றார்கள்.