குழாய் வாஷரில் சுற்றிய ரேடியோ

ஹைதராபாத் என்றால் நம்மவர்களுக்கு பிரியாணி, சார்மினார், அப்புறம் ஹைடெக் சிட்டி. எனக்கும் அப்படித்தான் இருந்தது, சித்தப்பாவின் தொல்லை ஆரம்பிக்கும்வரை :-)

சித்தப்பாவுக்குத் திருச்சியில் ரேடியோ ரிப்பேர் கடை. லைசென்ஸ் வாங்கிய 'ஹாம்' வேறு. இந்தப் பைத்தியம் நம் நாட்டுக்கு 1921லேயே வந்துவிட்டது. கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்துதான் முதல் ஆள். 1939ல் போர் வந்ததும் வெள்ளைக்காரன் லைசென்ஸ்களை எல்லாம் ரத்து செய்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் செட்டு கிடைப்பது குதிரைக்கொம்புதான். ராணுவம் கழித்துப்போட்ட பழைய செட்டை உருட்ட வேண்டும், இல்லை நாமே கட்ட வேண்டும்.

சித்தப்பா கட்டினார். 5 வாட். நம் வீட்டு ஜீரோ வாட் பல்பே அதைவிட அதிகம் குடிக்கும்! ஆனால் சிற்றலை, மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புமே, நேரம் கூடிவந்தால் அந்த 5 வாட்டே கடல் தாண்டிவிடும். என்ன, வெறும் மோர்ஸ் தந்தி மட்டும்தான். குரலை அனுப்பும் எஸ்.எஸ்.பி. செட்டுக்கு நல்ல ஃபில்டர் வேண்டும், டொராய்டு வளையங்கள் வேண்டும். பெரிய கடைவீதியில் அதற்கு எங்கே போவது? இருபது வருஷம் டிட்-டா தட்டியே ஓட்டினார் மனுஷன்.

2003-04 வாக்கில் ஹைதராபாத்காரர் அஷர் ஃபர்ஹான் 'பிட்எக்ஸ்' என்ற சர்க்யூட்டை இணையத்தில் இலவசமாகப் போட்டார். 14 மெகாஹெர்ட்ஸில் குரல், சுமார் 6 வாட். பெரும்பாலான பகுதிகள் கேட்கும்போது ஒரு திசையிலும், பேசும்போது எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஒரே பாதையில் பஸ் போய் வருகிற மாதிரி. அதனால் சாமான் பாதியாகக் குறைந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்கு டிவி பாலன் கோர். ஃபில்டருக்குக் கம்ப்யூட்டர்களில் வரும் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். டொராய்டு இல்லையா, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில் கம்பியைச் சுற்று! வெளிநாட்டு ஹாம்கள்கூட எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். எந்தச் சாமானும் கிடைக்கும் தேசத்தில், கிடைக்காத ஊர்க்காரனுக்காகப் போட்ட டிசைன். எனக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம் உண்டு.

பொங்கலுக்குப் போனபோது பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நம்ம கடையில இல்லாத சாமான் இதுல என்னடா இருக்கு?" என்றார். குரலில் சந்தோஷமா கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்போதே வலது கண்ணில் புரை.

ஊர் திரும்பியதும் கோட்டி கடைகளில் இருபது கிரிஸ்டல் வாங்கி கூரியரில் அனுப்பினேன். நான்குதான் வேண்டும், ஆனால் அலைவரிசை ஒத்துப்போகிற நான்கைப் பொறுக்க வேண்டுமே. பத்து நாள் கழித்து ராத்திரி போன் வந்தது. எடுத்ததும் ஹலோ கூட இல்லை.

"மூணு, ஏழு, எட்டு, பதினாறு. எழுதி வச்சுக்க. சித்திகிட்ட சொல்லி வாஷர் வாங்கச் சொல்லியிருக்கேன்."