வாவிக்கரையில் உளநலப் பணி: தூரமும் மொழியும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு எழுதலையும் படுதலையும் கொண்டு தோன்றிய இவ்வழக்கு, வைத்தியத்தைப் பொறுத்தவரை பிறிதொரு பொருளையும் தாங்கி நின்றது. பெரிய வைத்தியசாலை கிழக்கே இருந்தது. அதனை நாடவேண்டியோர் மேற்கே இருந்தனர். 2014 இலே மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்திலே படகுப் பாதையையே மக்கள் நம்பியிருந்தனர்.

உளநோயுற்றோர்க்கோ வாவியைக் கடத்தலும் போதியதாயில்லை. 1926 இலே அங்கொடையில் மனநோய் வைத்தியசாலை அமைந்த பின்னர், நாட்டின் உளநலச் சேவை நெடுங்காலம் கொழும்பை அண்டியே நின்றது. நீண்ட அப்பயணத்தின் முடிவிலே நோயாளர் கண்டது பெரும்பாலும் சிங்களம் வழங்கிய சூழலையே. பிற நோய்களுக்கு மொழி ஒரு துணை மட்டுமே. உளநோய்க்கு மொழியே வைத்தியரின் கருவி என்பது மனங்கொள்ளத்தக்கது.

போர் இத்தூரத்தைப் பன்மடங்காக்கிற்று. 1990 செப்டெம்பர் 5 இல், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. இத்தகைய குடும்பங்களின் துயரைக் கேட்க அன்று யார் இருந்தனர்? அம்மன் கோயில்களிலே தெய்வமாடுவோர் இருந்தனர். காணாமற்போனவர் உயிருடன் உளரா என வினவி வாக்குக் கேட்டோரைப் பற்றி மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் விரிவாக எழுதியுள்ளார். இதனை மூடநம்பிக்கையென ஒதுக்குவோர், அத்தாய்மார் வேறு எங்கே சென்று வினவியிருத்தல் கூடும் என்பதையும் கூறல் வேண்டும்.

2000 ஆம் ஆண்டளவிலே உளநோய் வைத்தியர் ம. கணேசன் மட்டக்களப்பிலே பணியேற்றமை ஒரு திருப்பமாகும். மாவட்டம் முழுவதையும் ஒருவரே பார்த்தல் இயலாதாகையால், கிராமமட்டத்திற் பணிபுரிவோரையும் இணைத்த சேவையொன்று உருவாயிற்று. 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை இதன் தேவையை நாடு முழுவதற்கும் உணர்த்தியது. முன்னர் 10 மாவட்டங்களிலேயே இருந்த உளநலச் சேவைக் கட்டமைப்பு, 27 சுகாதார மாவட்டங்களுள் 20 இற்குப் பரந்துள்ளதென உலக சுகாதார நிறுவனம் 2013 இலே அறிவித்தது.

தூரத்தைக் கருவியால் வெல்லும் முயற்சி பழையது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலே 1959 இல் இருவழித் தொலைக்காட்சி உளவைத்தியத்திற்குப் பயன்பட்டது. 1964 இல் 112 மைல் தொலைவிலிருந்த வைத்தியசாலையொன்றும் அதனுடன் இணைக்கப்பட்டது. எனினும் நமக்கு அண்மையான சான்று தமிழகத்திலுண்டு. சென்னையின் 'ஸ்கார்ஃப்' நிறுவனம் 2010 முதல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்குப் பேருந்தொன்றை அனுப்பியது. திரையிலே தோன்றிய வைத்தியர் தொலைவிலிருந்தார். நோயாளரைத் தேடிச் சென்றோரும் அவர்தம் வீட்டாருடன் பேசினோரும் அப்பகுதியிலே பணிபுரிந்தவர்களே. இந்த இரண்டாம் பகுதி இல்லையெனில் அந்தப் பேருந்து வெறும் வாகனமாகவே நின்றிருக்கும் எனத் துணிந்து கூறலாம்.

2020 இலே கொவிட் ஊரடங்கு வந்தபோது தொலைபேசி இன்றியமையாததாயிற்று. தேசிய மனநல நிறுவகமெனப் பெயர்மாறிய அங்கொடை வைத்தியசாலையின் உதவி எண் 1926. அவ்வைத்தியசாலை தோன்றிய ஆண்டும் அதுவே. தொலைத்தாதியத்தால் மிஞ்சும் செலவையும் நேரத்தையும் அளத்தல் எளிது. மகனைப் பறிகொடுத்த படுவான்கரைத் தாயொருத்தி முகமறியாக் குரலிடம் மனந்திறப்பாளா, தன் முற்றத்திலே முன்னர் வந்தமர்ந்த தாதியின் குரலிடம் மனந்திறப்பாளா என்பதை அளத்தலே கடினம். இவ்வாவிக்கரையிலே ஆராயப்படவேண்டியது அதுவே.